அக்டோபரில் போர்ச்சுகல் கடற்கரையோரம் தனியாகக் காரில் போய் சர்ஃபிங் செய்ய எப்படித் திட்டமிடுவது?

சென்னை அருகே கோவளத்தில் இரண்டு ஆண்டு சர்ஃபிங் பழகியிருக்கிறீர்கள், இரண்டு வாரம் கையில் இருக்கிறது, வடக்கே போர்ட்டோவிலிருந்து தென்மேற்கு முனையிலுள்ள சாக்ரெஸ் வரை தினம் ஓர் ஊர் என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள். அந்தத் திட்டத்தை முதலில் மாற்றுங்கள். காற்று அடங்கியிருக்கும் காலை நேரம் முழுவதும் சாலையிலேயே போய்விடும். முதல் வாரம் வழியில் நடுவே இருக்கும் பெனீஷ், அடுத்த வாரம் சாக்ரெஸ் என இரண்டே இடங்களில் தங்குங்கள்.

இந்த இரண்டு ஊர்களும் கடற்கரை திசை திரும்பும் முனையில் இருக்கின்றன. பெனீஷில் வடக்குக் காற்று வீசினால் தெற்குப் பக்கத்து சூப்பர்டூபோஸ் கடற்கரையில் அது நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், அலை முகம் வழவழப்பாக நிற்கும். மழையோடு தென்மேற்குக் காற்று வந்தால் பத்து நிமிடத்தில் வடக்குப் பக்கம் பலியால் வளைகுடாவுக்குப் போய்விடலாம். சூப்பர்டூபோஸ் ஆழமில்லாத மணலில் குழாயாக மடியும் அலை. இடுப்பளவுக்கு மேல் இருந்தால் கரையில் நின்று பாருங்கள், இறங்க வேண்டாம். உங்கள் இடம் பலியால்தான். சாக்ரெஸிலும் இதே கணக்கு. மேற்கே கர்ரப்பட்டெய்ரா பக்கம் கடல் கொந்தளித்தால் தெற்கு பார்த்த மரேட்டா கடற்கரையில் சிறிய, ஒழுங்கான அலை கிடைக்கும். கோடை முழுக்க அடிக்கும் வடக்குக் காற்று இலையுதிர் காலத்தில் தணிகிறது, அட்லாண்டிக்கின் தாழ்வழுத்தங்கள் அலை அனுப்பத் தொடங்குகின்றன. அதனால்தான் இந்த மாதங்கள் நல்லவை.

தமிழ்நாட்டில் பழகியவர்கள் தவறு செய்வது பெரும்பாலும் ஓதத்தில், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவதில். சென்னைப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் அளவே வித்தியாசம் என்பதால் ஓத அட்டவணை பார்க்கும் பழக்கமே வருவதில்லை. போர்ச்சுகலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது மூன்றரை மீட்டர் வரை போகும். ஆறு மணி நேர ஏற்றத்தில் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி உயரம் ஏறிவிடும். அதாவது எட்டு மணிக்கு அழகாக உடைந்த அலை பத்து மணிக்குக் கரையிலேயே மொத்தமாகச் சாயலாம். அரிஃபானா போன்ற குன்றடிக் கடற்கரைகளில் ஏற்றத்தின்போது மணல் சுருங்கி, அலை பாறைவரை வரும். எந்த வழியாக வெளியேறப்போகிறீர்கள் என்று பார்த்த பிறகே இறங்குங்கள்.

அலை முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் வினாடி எண்ணையும் பாருங்கள், அது அடுத்தடுத்த இரண்டு அலைகளுக்கு இடையிலான நேரம். 1.5 மீட்டர் 8 வினாடி என்றால் விளையாடலாம். அதே 1.5 மீட்டர் 14 வினாடி என்றால் ஆழ்கடலிலேயே முக்கால் மடங்கு கூடுதல் சக்தி, கரையருகே உயரமும் இன்னும் கூடும். நீண்ட வினாடி அலைகள் கூட்டமாக வரும், நடுவில் கடல் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா கிடக்கும். அந்த அமைதியைப் பார்த்து இறங்கி மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. இருபது நிமிடம் கரையில் நின்று பார்ப்பது தனியாகப் போகிறவருக்குக் கட்டாயம்.

தண்ணீர் அக்டோபரில் 17 முதல் 19 டிகிரி, நவம்பரில் இன்னும் குறையும். உள்ளூர்க்காரர்கள் 3/2 மில்லிமீட்டர் வெட்சூட்டில் (உடம்பில் 3, கை கால்களில் 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள ரப்பர் உடை) இருப்பார்கள். 28 டிகிரி கடலில் பழகிய உடம்புக்கு 4/3 எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் பனி இறங்குவதால் வெட்சூட் காயாது. உட்பக்கத்தை முதலில் வெளியே திருப்பிக் காயப்போடுங்கள், காலையில் போடும்போது தோலில் படுவது அதுதான். கால் வழுக்காமல் இருக்க போர்டில் தேய்க்கும் நம் ஊர் வெப்பமண்டல வாக்ஸ் அங்கே கல்லாகி வழுக்கும், மேலே குளிர்நீர் வாக்ஸ் ஒரு பூச்சு வேண்டும். போர்டு அடிபட்டால் வெயிலில் இறுகும் எப்பாக்ஸி பசை ஒரு குழாய் போதும். பாலியஸ்டர் பசை மட்டும் வேண்டாம், எப்பாக்ஸி போர்டின் உள்ளிருக்கும் ஃபோமில் பட்டால் அதைக் கரைத்துவிடும். போர்டைக் காலோடு இணைக்கும் லீஷ் கயிறு ஒன்று, போர்டின் அடியிலுள்ள ஃபின் துடுப்பைத் திருகும் ஆலன் சாவி ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

வாடகைக் கார்களில் பல நிறுவனங்கள் கூரைமேல் போர்டு கட்ட அனுமதிப்பதில்லை. சிறிய காரில்கூட முன் இருக்கையைச் சாய்த்து, பின் இருக்கையை மடித்தால் ஆறரை அடி போர்டு உள்ளே போகும், அந்த அளவோடு நிறுத்துங்கள். ரிமோட் சாவி தண்ணீரில் கெடும், நீர்புகாப் பையை நம்பி அலைக்குள் கொண்டுபோகாதீர்கள். எண் பூட்டுள்ள சிறு சாவிப்பெட்டியை வண்டியில் மாட்டலாம், ஆனால் கீலெஸ் கார் என்றால் சாவி அருகில் இருந்தாலே கதவு திறந்துகொள்ளும். முன்பதிவிலேயே சாதாரணச் சாவி உள்ள கார் கேளுங்கள். கடற்கரை நிறுத்தங்களில் வாடகைக் கார்களைக் குறிவைத்துக் கண்ணாடி உடைப்பார்கள், பாஸ்போர்ட் அறையிலேயே இருக்கட்டும். ஷெங்கன் விசாவோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிவிடுங்கள். வேனில் தூங்கும் எண்ணம் இருந்தால், சாக்ரெஸ் பக்கத்து இயற்கைப் பூங்கா எல்லைக்குள் முகாம் இடங்களுக்கு வெளியே இரவு தங்கத் தடை.

குளியல் பருவம் முடிந்ததும் உயிர்காப்பாளர்கள் போய்விடுவார்கள். ஆளில்லாத கடலில் தனியாக இறங்காதீர்கள், மூன்று பேராவது தண்ணீரில் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். எந்தக் கடற்கரை, எத்தனை மணிக்கு வெளியே வருவேன் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். அவசர எண் 112. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அதன்பின் ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும். மாலையில் நாலரைக்கு மேல் புதிதாக இறங்க வேண்டாம்.