வேலை ஆணை வரும்வரை ஜேசிபி வேண்டாம்

கேள்வி: ஹொசகோட்டை தாலுகாவில் எங்களுக்கு 3 ஏக்கர் 10 குண்டே செம்மண் நிலம் இருக்கிறது. குடியிருப்பது பெங்களூரு அல்சூரில். போன வருடம் தைல மரங்களை வெட்டிவிட்டோம். மழைத் தண்ணீரை நிறுத்த வரப்பு, ஒரு பண்ணைக்குட்டை, ஓரத்தில் மரங்கள் என்று திட்டம். பஹணி (நில உரிமைப் பதிவேடு) இன்னும் காலமான அப்பா பெயரில்தான் இருக்கிறது. பக்கத்து நிலத்துக்கு ஜேசிபி வந்திருக்கிறது, வாடகையைக் குறைத்துக்கொள்கிறேன் என்கிறார்கள். இப்போதே தோண்டிவிட்டு அப்புறம் மானியம் கேட்கலாமா? எந்தத் திட்டம் எந்த ஆபீஸில் கிடைக்கும்?

பதில்: தோண்டாதீர்கள். வேலை தொடங்குமுன் இலாகாக்காரர்கள் வெறும் நிலத்தை ஜிபிஎஸ் போட்டோ எடுத்து, வேலை ஆணை கொடுத்து, முடிந்தபின் அளப்பார்கள், அதற்குப் பிறகுதான் பணம் உங்கள் கணக்குக்கு வரும். ஏற்கெனவே தோண்டிய குழிக்கு மானியம் கிடையாது. ஜேசிபி வாடகையில் மிச்சமாவதைவிட அப்படி இழப்பது பல மடங்கு.

அதற்கும் முன்னால் பஹணி. இறந்தவர் பெயரில் இருக்கும் நிலத்துக்கு எந்த இலாகாவும் விண்ணப்பம் வாங்காது. முதலில் நாடகச்சேரியில் (உள்ளூர் வருவாய் அலுவலகம்) பவுதி காதே, அதாவது வாரிசுகள் பெயருக்குப் பதிவை மாற்றும் விண்ணப்பம், போடுங்கள். இறப்புச் சான்றிதழும் வம்சாவளியும் (குடும்ப வாரிசு விவரம்) கேட்பார்கள். அண்ணன் தம்பிகள் பேரில் கூட்டாக வந்தால், மற்றவர்களின் ஒப்புதல் கடிதத்தையும் அப்போதே வாங்கி வையுங்கள். பஹணி மாறியதும் ஹோப்ளியில் (தாலுகாவின் உட்பிரிவு) உள்ள ரைத்த சம்பர்க்க கேந்திரத்தில் (விவசாய இலாகாவின் உதவி மையம்) ஃப்ரூட்ஸ் என்ற விவசாயிகள் பதிவுத் தளத்தில் பதிவு செய்து எஃப்ஐடி என்ற விவசாயி அடையாள எண் எடுங்கள். அதில் உங்கள் சர்வே நம்பர் எல்லாம் ஏறியிருக்கிறதா, பேங்க் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள். வேலை முடிந்தும் பணம் வராமல் அலைபவர்களில் பலருக்குச் சிக்கல் இந்த இடத்தில்தான். நிலத்தில் ஒரு பகுதியை மனைக்காகக் கன்வெர்ஷன் (விவசாயம் அல்லாத நிலமாக மாற்றம்) செய்திருந்தால், அந்தப் பகுதிக்கு மானியத்தை மறந்துவிடுங்கள்.

குட்டைக்கு விவசாய இலாகாவின் கிருஷி பாக்யா திட்டம். குறைந்தது ஒரு ஏக்கராவது நிலம் இருக்க வேண்டும். குட்டைக்கும் அதில் தண்ணீர் கசியாமல் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டுக்கும் பொதுப் பிரிவுக்கு 80 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 90 சதவீதம் மானியம். கம்பி வேலிக்குக் குறைவாகத்தான் தருவார்கள், ஆனாலும் வேலியை விட்டுவிடாதீர்கள். ஷீட் போட்ட குட்டையில் தவறி விழுந்தவர் வழுக்கும் சரிவில் ஏறி வர முடியாது. எல்லா வருடமும் எல்லா தாலுகாவுக்கும் ஒதுக்கீடு இருக்காது என்பதால், ஏப்ரல், மே மாதத்திலேயே கேந்திரத்தில் விசாரியுங்கள். ஆகஸ்டில் போய்க் கேட்டால் பட்டியல் நிறைந்திருக்கும்.

பஞ்சாயத்தின் ஊரக வேலைத் திட்டத்திலும் வரப்பும் குட்டையும் வெட்டித் தருகிறார்களே என்று யாராவது சொல்வார்கள். அது ஊரில் குடியிருந்து வேலை அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு. ஆட்களை வைத்துத்தான் வெட்ட வேண்டும், இயந்திரம் போனால் பில் நிற்கும். அல்சூர் முகவரிக்கு அது நடக்காது. ஊரில் இருக்கும் பங்காளி பெயரில் ஒரு பாகம் இருந்தால் அவர் கேட்கலாம். ஆனால் ஒரே குட்டைக்கு இரண்டு இடத்தில் பில் போடக் கூடாது.

இனி அளவு. அனுமதிக்கும் அளவுகளில் பெரியது 21 x 21 x 3 மீட்டர். மானியம் இருக்கிறதே என்று பலரும் அதையே கேட்கிறார்கள். உங்கள் நிலம் சுமார் 13,150 சதுர மீட்டர். ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் என்று வைத்தால், செம்மண்ணில் ஓடிவருவது அதில் 10 முதல் 15 சதவீதம். நிலத்தில் பாதிதான் குட்டைப் பக்கம் சாய்கிறது என்று எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு 525 முதல் 790 கன மீட்டர் வரும். வரப்பு போட்டபின் இதிலும் குறையும். ஒன்றுக்கு ஒன்று சரிவு (ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு மீட்டர் உள்ளே) வைத்தால் 21 மீட்டர் குட்டை 980 கன மீட்டர் பிடிக்கும், 15 மீட்டர் குட்டை 440 பிடிக்கும். பெரியதைத் தோண்டினால் பாதி ஷீட் வெயிலில் காயும், நிலமும் போகும். 15 மீட்டர் போதும். ஒரு ஏக்கர் ராகிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் இரண்டு உயிர்த் தண்ணீர் (மழை பொய்த்தால் பயிரைக் காக்கும் பாசனம்) விட அந்த 440 போதுமானது.

ஷீட் 500 மைக்ரான் தடிமனில், ஐஎஸ் 15351 தர முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். 15 மீட்டர் குட்டைக்குப் பக்கத்துக்கு 19.5 மீட்டர் வேண்டும்: அடி 9, இரு சரிவும் சேர்ந்து 8.5, கரையில் புதைக்க இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டர். கரையைச் சுற்றி ஒன்றரை அடி ஆழக் கால்வாய் வெட்டி, ஓரத்தை அதில் மடித்து மண் போட்டு மூடுங்கள். இழுத்து முறுக்காக விரித்தால், தண்ணீர் ஏறும்போது பாரம் தாங்காமல் மூலையில் கிழியும். கொஞ்சம் தொளதொளவென்று விடுங்கள். உங்கள் நிலத்தில் இன்னொரு ஆபத்து, தைல மரத்தின் அடிக்கட்டை. வெட்டிய கட்டை மறுபடி துளிர்க்கும். வேரோடு தோண்டி எடுக்காத இடத்தில் குட்டை வேண்டாம். தோண்டியபின் சரிவில் வெளியே நீட்டும் வேர்முனைகளை அறுத்து, களிமண் பூசிய பிறகு ஷீட் போடுங்கள்.

மேல்மண் ஓர் அடியைத் தனியாக ஒதுக்கி, பிறகு வயலில் பரப்புங்கள். மீதி மண்ணைக் குட்டை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிக் கொட்டுங்கள். விளிம்பிலேயே குவித்தால் முதல் மழையிலேயே உள்ளே இறங்கிவிடும். தண்ணீர் வரும் வழியில் இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் வண்டல் குழி கட்டாயம். கோடையில் அடியில் ஓர் அடி தண்ணீரை விட்டுவையுங்கள், இல்லையென்றால் காற்று ஷீட்டைத் தூக்கும்.

வரப்பை எல்லையை ஒட்டி நேராகப் போடாமல், மட்டம் பார்த்துச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். ஆபீஸில் கன்னடத்தில் கந்தக பது (குழி வரப்பு) என்பார்கள்: மேட்டுப் பக்கம் குழி, பள்ளத்துப் பக்கம் மண் அணை. குழியை நீளமாக ஒரே ஓட்டமாக வெட்டாமல் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். வரப்பு உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் உபரித் தண்ணீர் வெளியேற வழியில்லாததுதான். ஒவ்வொரு வரப்பிலும் கல் பதித்த ஒரு வடிகால் விடுங்கள்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் கர்நாடகத்தில் மானியம் உண்டு. ராகி, துவரைக்கு விவசாய இலாகா. காய்கறி, பழத்துக்குத் தோட்டக்கலை. முசுக்கொட்டை வைத்தால் பட்டு வளர்ச்சி இலாகா.

மரத்துக்கு வன இலாகாவின் கிருஷி அரண்ய ப்ரோத்ஸாஹ யோஜனை, ரேஞ்ச் ஆபீஸில். 10 ரூபாய் பதிவுக் கட்டணம், நாற்று சலுகை விலையில். உயிரோடு இருக்கும் செடி ஒன்றுக்கு முதல் வருடம் 35, இரண்டாம் வருடம் 40, மூன்றாம் வருடம் 50 ரூபாய் தருவார்கள். தைலம், சவுக்கு, சில்வர் ஓக் இதில் சேராது. தைலம் புதிதாக நடுவதற்கு 2017 முதல் மாநிலத்தில் தடையே உண்டு. வேம்பு, புங்கன், நாவல், மலைவேம்பு கேளுங்கள். குட்டைக் கரையில் எதுவும் வேண்டாம், பத்து மீட்டர் தள்ளியே நடுங்கள். ஜூனில் நாற்று தருவார்கள். குழியை மே மாத மழைக்கே எடுத்து வைத்தால், ஜனவரி வறட்சிக்குள் வேர் ஆழம் போய்விடும். தங்காத செடிக்குப் பணம் இல்லை என்பதால், கண்ணால் பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் இருக்கும் அளவுக்கு மட்டும் எண்ணிக்கை எழுதிக் கொடுங்கள்.