திருடி வந்த எலும்பால் வாழ்ந்த ஊர்: கோங்க் பற்றிய கேள்வி பதில்

தென் பிரான்சின் கோங்க் கிராமத்தைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில:

புவியியல் ஆசிரியர்: மலை இடுக்கில் ஊர் அமைந்தது எப்படி?

அவேரோன் மாவட்டத்தில், ஊஷ் ஓடை தூர்து ஆற்றோடு சேரும் இடத்துக்கு மேலே, வெயில் விழும் சரிவில் இருக்கிறது கோங்க். சமதளம் அரிது, வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்றாக ஏறி நிற்கின்றன. கூரையில் ஓடு இல்லை, பலகைக்கல்தான். உழவனுக்கு உதவாத நிலம். எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தனிமை தேடி வந்த தாதோன் என்ற துறவிக்கு அதுவே வசதியாயிற்று. அவரைச் சுற்றி மடம் எழுந்தது.

வரலாற்று மாணவி: திருட்டுப் பொருளால்தான் ஊர் புகழ்பெற்றது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். மடத்துக்குப் பக்தர்களை இழுக்க ஒரு புனிதர் தேவைப்பட்டார். 303 வாக்கில் அஜான் நகரில் கொல்லப்பட்ட சிறுமி புனித ஃபுவாவின் எலும்புகள் அந்நகரில் இருந்தன. கோங்க் துறவி ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்து, பத்தாண்டு போல நல்லவராக நடந்து, கல்லறைக்கே காவலராகி, 866 வாக்கில் எலும்புகளோடு ஊர் திரும்பினார் என்கிறது மடத்தின் கதை. அதை அவர்கள் மறைக்கவில்லை, பெருமையாகவே எழுதிவைத்தார்கள்! புனிதையே வர விரும்பினாள் என்பது அவர்கள் வாதம். ஸ்பெயினின் சான்டியாகோ புனிதத்தலத்துக்கு நடந்த யாத்திரிகர்கள் பிறகு இவ்வழியாகவும் வந்தார்கள், காணிக்கை குவிந்தது. அவர்கள் தந்த மணிகள் பதித்த புனிதையின் பொற்சிலை, 85 சென்டிமீட்டர் உயரத்தில், இன்றும் அங்கே அமர்ந்திருக்கிறது.

இன்னொரு வாசகர்: பிரெஞ்சுப் புரட்சியின்போது அந்தத் தங்கம் எப்படித் தப்பியது?

ஊரார் எடுத்து வீட்டிலும் தோட்டத்திலும் ஒளித்துவைத்தார்கள். பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். திருடி வந்ததைத் திருடாமல் காத்த மக்கள் என்று அவர்களைப் பாராட்டலாம்.

கட்டடக்கலை மாணவர்: மடத்துக் கோயிலின் வாசல் சிற்பத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

இறுதித் தீர்ப்பைச் செதுக்கிய அந்த அரைவட்டத்தில் 124 உருவங்கள் இருக்கின்றன. எல்லாரும் கிறிஸ்துவைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நரகத்தின் பக்கம் நில்லுங்கள்: கழுத்தில் பணப்பையோடு தொங்குகிறான் கஞ்சன், குதிரையிலிருந்து தலைகீழாக விழுகிறான் அகந்தை பிடித்த வீரன். வெளிவிளிம்பில் கல்பட்டையை விரலால் பிடித்து எட்டிப்பார்க்கும் சிறுமுகங்களைத் தவறவிடாதீர்கள். இடியும் நிலையிலிருந்த கோயில் பிழைத்தது, 1837-இல் நினைவுச்சின்ன ஆய்வாளர் பிரோஸ்பேர் மெரிமே பார்த்து எச்சரித்ததால்.

ஓவியர் ஒருவர்: பழைய கோயிலில் நவீன ஜன்னலா?

பக்கத்து ரோதேஸ் நகரில் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜ் 1994-இல் முடித்த 104 திறப்புகள். உருவமும் வண்ணமும் இல்லை, ஒளி கசியும் கண்ணாடியும் கருங்கோடுகளும் மட்டுமே. ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. நான் சூலாஜ் பக்கம். கல்லின் நிறத்தோடு அவர் போட்டி போடவில்லை.

பயணி: எப்போது போகலாம்?

பிற்பகலில் போங்கள், வாசல் மேற்கே பார்க்கிறது. 2016 முதல் நிர்வாகப் பெயர் கோங்க்-ஆன்-ரூவேர்க். வரைபடத்தில் அப்படியே தேடுங்கள்.