சோனி மீண்டும் கையடக்கக் கருவி செய்யுமா?

கேள்வி: பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கும் என் மகன், சோனி நிறுவனம் கையில் எடுத்துச் செல்லக்கூடிய கேமிங் கருவியைக் கொண்டுவரப் போகிறது என்று ஆவலோடு சொல்லிக்கொண்டிருக்கிறான். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அது எளிய வேலைதானே? இத்தனை ஆண்டுகளாக ஏன் தயங்குகிறார்கள்?
– வாசகி, திருச்சி

பதில்: சோனி இந்தச் சந்தைக்குப் புதிது அன்று, தயக்கத்துக்கு அதன் சொந்த அனுபவமே காரணம். 1989இல் கேம் பாய் என்னும் கையடக்கக் கருவி வந்தது முதல் அதைச் செய்த நின்டெண்டோ நிறுவனத்தின் கையிலேயே இருந்த சந்தையில், 2004 டிசம்பர் 12 அன்று ஜப்பானில் பிஎஸ்பி (பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்) கருவியுடன் சோனி நுழைந்தது. அது 7 கோடிக்கும் மேல் விற்றது. அதே காலத்தில் வந்த, ஆற்றலில் குறைந்த நின்டெண்டோ டிஎஸ் 15 கோடியைத் தாண்டியது உண்மைதான்; என்றாலும் முதல் முயற்சிக்கு 7 கோடி என்பது பெரிய வெற்றி என்றே நான் கருதுகிறேன்.

அடி விழுந்தது இரண்டாம் முயற்சியில். 2011 டிசம்பர் 17 அன்று 24,980 யென் விலையில் பிளேஸ்டேஷன் வீட்டா என்னும் கையடக்கக் கருவி ஜப்பானில் வெளியானது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே நின்டெண்டோ, டிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த தன் 3டிஎஸ் கருவியின் விலையை 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னுக்கு இறக்கியிருந்தது. ஜப்பானில் பிஎஸ்பியை வாங்கவைத்தவற்றுள் முதன்மையானது கேப்காம் நிறுவனத்தின் ‘மான்ஸ்டர் ஹன்டர்’ வரிசை. அவ்வரிசையின் அடுத்த விளையாட்டு, வீட்டா வருவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 3டிஎஸ்ஸில் வெளிவந்தது. போதாக்குறைக்கு, வீட்டாவில் சோனியின் தனி வகை மெமரி கார்டுதான் பொருந்தும். அதன் விலையோ அதிகம். ஸ்மார்ட்போன் பரவிய காலமும் அதுவே. சோனியின் சொந்த ஸ்டூடியோக்கள் பிளேஸ்டேஷன் 4 பக்கம் திரும்பியதும் வீட்டாவுக்குப் புதிய பெரிய விளையாட்டுகள் அருகின. 2019இல் உற்பத்தி நின்றது. அழகிய திரையும் நல்ல வடிவமைப்பும் கொண்ட அந்தக் கருவிக்கு நேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இனி, வேலை எளிதா என்ற உங்கள் கேள்வி. பிளேஸ்டேஷன் 5 விளையாட்டு ஓடும்போது சுமார் 200 வாட் மின்சாரம் எடுக்கிறது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவியின் பேட்டரி கொள்ளளவு 40 வாட்-மணி, அதாவது 40 வாட் வீதம் ஒரு மணி நேரம் தரக்கூடியது. அந்த பேட்டரியில் பிளேஸ்டேஷன் 5ஐ அப்படியே ஓட்டினால் பன்னிரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். வெளியாகும் வெப்பத்தில் கையில் பிடிக்கவும் முடியாது. ஆகவே ஸ்டீம் டெக்கின் சிப் அதிகபட்சம் 15 வாட்டுக்குள் இயங்குமாறு செய்யப்பட்டிருக்கிறது. இந்தச் சிக்கல் பழையதே: 1990இல் வண்ணத் திரையோடு வந்த சேகா கேம் கியர், ஆறு பேட்டரிகளை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்த்தது, பின்னொளிகூட இல்லாத கேம் பாய் நான்கு பேட்டரிகளில் பதினைந்து மணி நேரம் ஓடி, சந்தையைத் தக்கவைத்துக்கொண்டது.

எனினும் பேட்டரியைவிடப் பெரிய தடை விளையாட்டுகள்தாம் என்பது என் எண்ணம். வீட்டுக்கு ஒன்று, கைக்கு ஒன்று என இரு கருவிகளுக்கும் தனித்தனியே விளையாட்டுகளை உருவாக்க இன்றைய தயாரிப்புச் செலவு இடம்கொடுப்பதில்லை. நின்டெண்டோ 2017 மார்ச் 3 அன்று ஸ்விட்ச்சை வெளியிட்டு இரண்டையும் ஒரே கருவியாக்கியது. அது 15 கோடிக்கும் மேல் விற்றது. சோனி வருவதானால், பிளேஸ்டேஷனுக்காக எழுதப்பட்ட விளையாட்டே குறைந்த மின்சாரத்தில் கையிலும் ஓடும்படி, தொடக்கத்திலேயே திட்டமிட்டுக்கொண்டு வரவேண்டும்.

கேள்வி: கடைகளில் கிடைக்கும் பிளேஸ்டேஷன் போர்ட்டல் கையடக்கக் கருவி இல்லையா? எக்ஸ்பாக்ஸ் பெயரிலும் ஒன்று வந்துவிட்டதே?
– வாசகர், ஈரோடு

பதில்: 2023 நவம்பரில் வந்த போர்ட்டலுக்குள் எந்த விளையாட்டும் ஓடுவதில்லை; வேறிடத்தில் ஓடும் விளையாட்டின் படத்தை இணையம் வழியே பெற்றுக் காட்டுவதே அதன் பணி. இணைப்பு தடுமாறினால் விளையாட்டும் தடுமாறும். 2025 அக்டோபர் 16 அன்று வந்த ‘ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் அலை’ (ROG Xbox Ally) என்னும் கருவியைத் தயாரித்தது ஏசுஸ் நிறுவனம். உள்ளே இருப்பது விண்டோஸ் கணினி. டிவியோடு இணைக்கும் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கு மட்டுமே வந்த விளையாட்டுகள் அதில் நேரடியாக ஓடமாட்டா. ஆகையால், நீங்கள் ஏற்கெனவே விலைகொடுத்து வாங்கியவற்றுள் எவற்றுக்குக் கணினிப் பதிப்பு இருக்கிறது என்று பட்டியலிட்டுப் பார்த்த பிறகே அதை வாங்குங்கள்.