ஓடும்போதே ஆஃப் ஆகும் கார்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கோவையில் 22 வருடமாக கார் வேலை பார்க்கிறேன். கிளட்ச் போனது, பிரேக் தேய்ந்தது எல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். ரோட்டில் திடீரென்று நின்றுவிட்டு, ஒர்க்‌ஷாப்புக்குள் வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஓடும் வண்டிதான் எங்களைப் பாடாய்ப் படுத்தும். அதனால் எல்லோரிடமும் முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எப்போது நின்றது, எப்படி நின்றது, எவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆனது: இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். அந்தச் சீட்டிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

மதுரையிலிருந்து ஒருவர்: 2012 மாடல் பெட்ரோல் கார். காலையில் நன்றாக ஓடுகிறது. மதிய வெயிலில் 40, 50 கிலோமீட்டர் போனதும் சட்டென்று நிற்கிறது. 20 நிமிடம் ஓரமாக விட்டால் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பெட்ரோல் பம்ப் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா அண்ணா?

அவசரப்படாதீர்கள் தம்பி. இதே மாதிரி வந்த ஒரு வண்டிக்கு, வருடங்களுக்கு முன்னால், நானே பம்ப்பை மாற்றி அனுப்பினேன். நான்காம் நாள் திண்டுக்கல் பைபாஸில் நின்றுவிட்டது என்று அவர் போன் செய்தார். அவர் பணத்தை வீணாக்கிய வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. கடைசியில் கோளாறு கிராங்க் சென்சாரில் இருந்தது.

எஞ்சின் சுற்றுகிறதா, எந்த நிலையில் சுற்றுகிறது என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்தச் சென்சார்தான். எஞ்சின் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கும். வயதானால் உள்ளே இருக்கும் காயில் சூட்டில் விட்டுவிடும், ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். சிக்னல் வரவில்லை என்றால், எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் நிறுத்திவிடும்.

பம்ப்பா சென்சாரா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த முறை நிற்கும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். வண்டி கியரில் உருண்டுகொண்டிருந்தால் சக்கரமே எஞ்சினைச் சுற்றும், அதனால் முள் மெதுவாகத்தான் இறங்க வேண்டும். வண்டி இன்னும் உருளும்போதே முள் பூஜ்யத்தில் விழுந்தால் சென்சார் மேல் சந்தேகம் வைக்கலாம். அப்புறம் செல்ஃப் அடிக்கும்போதும் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் முள் லேசாகத் துள்ளும். துள்ளவே இல்லை என்றால் சந்தேகம் இன்னும் பலமாகிறது.

பெட்ரோல் பம்ப் என்றால் பெரும்பாலும் இப்படி வெட்டினாற்போல நிற்காது. மேடு ஏறும்போது இழுக்காது, இருமும், குலுக்கும், அதற்குப் பிறகுதான் நிற்கும். நின்றதும் சாவியை ஆன் செய்து பின்சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று சத்தம் வந்தால் பம்ப்புக்குக் கரன்ட் வருகிறது. சத்தம் வந்தாலும் பிரஷர் போதாமல் இருக்கலாம், அதை பிரஷர் கேஜ் போட்டுத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு விஷயம், டேங்கில் எப்போதும் ரிசர்வ் லைட் எரிய ஓட்டாதீர்கள். பம்ப்பைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

திருச்சியிலிருந்து ஒரு அம்மா: நாற்கரச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நின்றுவிட்டது. ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிட்டது. பிரேக்கும் பிடிக்கவில்லையோ என்று பயந்துவிட்டேன். அப்போது என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் பயந்தது நியாயம்தான் அம்மா. வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

எஞ்சின் நின்றாலும் பிரேக் போய்விடாது, பிரேக்குக்கு உதவி செய்கிற பூஸ்டர்தான் மெல்ல மெல்ல விட்டுப்போகும். அதற்குள் சேர்ந்திருக்கும் வேக்குவம் (காற்றில்லாத இழுவை) இரண்டு, மூன்று மிதிக்கு வரும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே மிதியாக, அழுத்தமாக, நிற்கும்வரை மிதியுங்கள். பெடல் கட்டையாகிவிட்டாலும் இரண்டு காலையும் வைத்து அழுத்தினால் பிடிக்கும். ஸ்டியரிங்கும் கனமாகுமே தவிர திரும்பும்.

முதலில் ஹசார்ட் லைட்டைப் போடுங்கள். பின்னால் பார்த்துவிட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள். வேகம் இருக்கும்போதே நியூட்ரலில் போட்டு ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். எந்த நிலையிலும் ஓடும் வண்டியில் சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நின்ற பிறகு முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் வைத்துவிட்டு, எல்லோரும் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். வண்டிக்குள் உட்கார வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குக் கூப்பிடுங்கள்.

சென்னையிலிருந்து: சிக்னலில் ஏ.சி. போட்டு நின்றால் ஆஃப் ஆகிறது. ஓடும்போது தொந்தரவே இல்லை.

எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியைக் கழற்றிப் பாருங்கள். வால்வின் ஓரத்தில் கறுப்பாக, விரலில் ஒட்டுகிற மாதிரி கார்பன் இருக்கும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது, எஞ்சினுக்குக் காற்று போகும் இடைவெளி மயிரிழை அளவுதான். அது அடைத்திருக்கும்போது ஏ.சி. கம்ப்ரசரும் சேர்ந்து இழுத்தால் எஞ்சின் தாங்காது. கிளீனர் அடித்துத் துடைத்தால் சரியாகிவிடும். எலக்ட்ரானிக் திராட்டில் என்றால் வால்வைக் கையால் அழுத்தித் திறக்க வேண்டாம். துடைத்த பிறகு ஐடில் ரீலேர்ன் (கம்ப்யூட்டருக்கு ஐடிலை மறுபடி பழக்குவது) செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஐடில் ஏறி இறங்கும்.

சேலத்திலிருந்து: டீசல் வண்டி. ஃபில்டர் மாற்றிய பிறகுதான் இந்தப் பிரச்சினை. எங்கேயும் டீசல் ஒழுகவில்லை.

ஒழுகாது சார். டேங்கில் தனி பம்ப் இல்லாத டீசல் வண்டியில், முன்னால் இருக்கும் பம்ப்தான் டீசலை உறிஞ்சுகிறது. வாஷர் சரியாக உட்காராவிட்டால் அந்தச் சந்து வழியாக டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். பம்ப்புக்குப் போகும் ஹோஸில் ஒரு அடி, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூபைச் செருகி எஞ்சினை ஓட விடுங்கள். அரிசி மாதிரி குமிழ்கள் வரிசையாக ஓடினால் கோளாறு அங்கேதான். ஃபில்டர் வாஷர், ஹோஸ் கிளிப் இரண்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

ஈரோட்டிலிருந்து: பங்கில் பெட்ரோல் நிரப்பிவிட்டுக் கிளம்பினால் உடனே ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. ஸ்டார்ட் ஆனாலும் ஒரு கிலோமீட்டருக்குள் நின்றுவிடுகிறது. பெட்ரோலில் தண்ணீரா?

ஒவ்வொரு முறை நிரப்பிய பிறகும், எந்த பங்காக இருந்தாலும் நடக்கிறது என்றால் தண்ணீர் இல்லை. டேங்கின் ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறது. நிரப்பும்போது கிளம்பும் ஆவி முழுவதும் எஞ்சினுக்குள் போய் அதைத் திணறடிக்கிறது. ஐடிலில் அந்த வால்வின் டேங்க் பக்க ஹோஸைக் கழற்றி விரல் வைத்துப் பாருங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது. இழுவை இருந்தால் வால்வு போய்விட்டது. பெட்ரோல் போடும் கன் தானாக நின்ற பிறகு 'ரவுண்டாகப் போடுங்க' என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: வேகத்தடையில் ஏறி இறங்கினால் நிற்கிறது. மீட்டர் லைட் எல்லாம் ஒரு நொடி அணைந்து வருகிறது.

லைட்டே அணைகிறது என்றால் எஞ்சினைத் தொட வேண்டாம், கரன்ட் வழியைப் பாருங்கள். பேட்டரி டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள், அசையவே கூடாது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையில் மல்டிமீட்டர் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் சரியில்லை.

அப்புறம் சாவிக்கொத்து. வீட்டுச் சாவி, கடைச் சாவி எல்லாம் அதில்தான் தொங்குகிறதா? வண்டி குலுங்கும்போது அந்த எடை சுவிட்சை இழுக்கும். அமெரிக்காவில் 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இப்படி இக்னிஷன் சுவிட்ச் தானாக நழுவிய குறைக்காக சுமார் 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சுவிட்ச் அணைந்தால் ஏர்பேக்கும் விரியாது. 124 மரணங்களுக்கு இழப்பீடு தர அந்தக் கம்பெனி அமைத்த நிதி ஒப்புக்கொண்டது. இன்றைக்கே சாவியைத் தனியாகக் கழற்றி வையுங்கள்.

பெயர் சொல்லாத ஒருவர்: ஸ்கேனரில் எந்த எரர் கோடும் (code) இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் கோளாறு இல்லையா?

இருக்கிறது. ஒரு நொடி அறுந்து சேரும் கோளாறு பல நேரம் கோடாகப் பதியாது. பென்டிங் கோடு, அதாவது இன்னும் உறுதியாகாத கோடு, இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, ஆர்.பி.எம்., வோல்டேஜ், வண்டி காட்டினால் ஃப்யூல் பிரஷர் ஆகியவை போனில் பதிவாகும்படி விட்டு ஓட்டுங்கள். நிற்கும் நொடியில் எது முதலில் விழுகிறது என்று தெரிந்துவிடும்.

மதுரைக்காரர் மறுபடியும்: அண்ணா, நேற்று மேலூர் தாண்டி நின்றது. நீங்கள் சொன்னபடி பார்த்தேன். வண்டி உருளும்போதே முள் பூஜ்யம். செல்ஃப் அடிக்கும்போதும் அசையவில்லை. பம்ப் சத்தம் மட்டும் வந்தது.

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். வாங்குவதற்கு முன்னால் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் இறங்கியிருக்கிறதா, ஒயர் எங்காவது சூட்டில் இறுகி உரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தால் தெரியும். அது சுத்தமாக இருந்தால் சென்சாரை மாற்றுங்கள். கம்பெனி பார்ட்டே வாங்குங்கள், மலிவானது சூட்டில் சீக்கிரம் போய்விடும். மாட்டும் இடத்தில் துருவும் இரும்புத் தூளும் இல்லாமல் துடைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். பிறகு, மதிய வெயிலிலேயே 60 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.