ஹேண்டில்பாரை உயர்த்துவதற்கு முன் ஸ்டெம் எந்த வகை என்று பாருங்கள்

கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கிறது, ஹேண்டில்பாரை உயர்த்தலாமா, ஸ்டெம்மில், அதாவது ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டில், என்னென்ன வகை என்று கேட்டிருக்கிறீர்கள். சைக்கிள் வாங்கிச் சில மாதம்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். "ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்று கடையில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

ஸ்டெம்மின் தலையில் ஒரே போல்ட், அதன் தண்டு ஃபோர்க் குழாய்க்குள் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவையின் மேல் குழாய்) இறங்குகிறது என்றால் அது குவில் ஸ்டெம். அடியில் ஒரு ஆப்பு இருக்கும். போல்டை முறுக்கினால் அது குழாயோடு நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் இரண்டு போல்ட் இருந்து, ஃபோர்க் குழாயை வெளியிலிருந்து கவ்வினால் அது த்ரெட்லெஸ். இப்போது வரும் கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் இதுதான்.

என்னுடையது குவில். தண்டையார்பேட்டையிலிருந்து விடியற்காலையில் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போவேன். முதுகு வலிக்கிறதே என்று நானே போல்டைத் தளர்த்தி ஸ்டெம்மை நன்றாக மேலே இழுத்து முறுக்கிவிட்டேன். ஒரு மாதம் சுகமாக இருந்தது. பிறகு ஒருநாள் பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது, ஹேண்டில்பார் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமும் திரும்பின. இடது தோளில் விழுந்தேன். பின்னால் லாரி எதுவும் வராததால் பிழைத்தேன். வீட்டில் கழற்றி, அழுக்கைத் துணியால் துடைத்தபோதுதான் தண்டின் குறுக்கே வெட்டியிருந்த சின்னச் சின்னக் கோடுகள் தெரிந்தன. அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தவே கூடாது. நான் அதைத் தாண்டி ஒரு அங்குலம் உயர்த்தியிருந்தேன். ஆப்பு குழாயின் மேல்முனையில் உள்ள மரைப் பகுதியில் நின்று, ஃபோர்க் குழாயே புடைத்துப் போயிருந்தது. ஃபோர்க்கை மாற்ற வேண்டியதாகிவிட்டது.

"மெக்கானிக்கிடம் போகாமல் நீயே ஏன் கை வைத்தாய்" என்று சிலர் கேட்பார்கள். போனேன். அவர் கோடு இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லா மெக்கானிக்கையும் குறை சொல்லவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றில் அலுமினிய ஸ்டெம் இரும்புக் குழாய்க்குள் இறுகி ஒட்டிக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றி கிரீஸ் தடவுங்கள். போல்டை நான்கைந்து சுற்று தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் ஆப்பு விடும்.

த்ரெட்லெஸ் என்றால் இழுத்து உயர்த்த முடியாது. ஸ்டெம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், 90 மில்லிமீட்டர் நீளத்தில் 7 டிகிரி சாய்வு என்றால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உயரும். அதுவும் போதாவிட்டால் மேல்நோக்கி அதிகம் சாய்ந்த குட்டை ஸ்டெம் வாங்கலாம். வாங்கும்போது பாரின் தடிமனை அளந்துகொண்டு போங்கள். 25.4 மில்லிமீட்டர் பாருக்கு 31.8 ஸ்டெம் பொருந்தாது. கீல் வைத்த அட்ஜஸ்டபிள் ஸ்டெம்மும் கிடைக்கிறது. கனம் அதிகம், கீல் தளர்ந்தால் ஆட்டம் கொடுக்கும், எங்கள் சாலைக்கு நான் வாங்க மாட்டேன்.

சாலை என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருவொற்றியூர் பக்கம் சாலையின் இடது ஓரம் கன்டெய்னர் லாரிக்குத்தான் சொந்தம். துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் வரிசையை ஒட்டி, மண்ணிலும் ஜல்லியிலும் நாங்கள் ஓட்ட வேண்டும். வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் இங்கே நிறைய, ஆனால் சைக்கிள் பாதை என்ற பேச்சே இந்தப் பக்கம் வருவதில்லை.

சரி, த்ரெட்லெஸ் ஸ்டெம்மை மாட்டும்போது வரிசை முக்கியம். முதலில் ஸ்டெம்மின் உச்சியில் இருக்கும் மூடியின் போல்டை முறுக்கி ஆட்டத்தை எடுங்கள், சக்கரத்தை நேராக்குங்கள், அப்புறம் பக்க போல்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். டக்கென்று ஆட்டம் தெரிந்தால் மறுபடி தளர்த்தி முதலிலிருந்து செய்யுங்கள்.