பாதியில் மூடிய புத்தகம்

கேள்வி: ஆந்தனி பர்ஜெஸின் ‘எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்’ நாவலைப் பாதியில் மூடிவிட்டேன். அடிதடி, பாலியல் வன்முறை, கொலை எல்லாம் செய்கிறவனே கதாநாயகன். கதையைச் சொல்வதும் அவனே. இதை இலக்கியம் என்று கொண்டாடுவது பொறுக்கித்தனத்துக்கு மாலை போடுவது ஆகாதா?

பதில்: ஆகாது. அந்தக் கதாநாயகன் அலெக்ஸுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, பர்ஜெஸும் வாங்கவில்லை. வறுமை, அடித்து வளர்த்த அப்பா என்று ஒரு சாக்குகூட அவனுக்குத் தரப்படவில்லை. வயது 15. வேலைக்குப் போகும் பெற்றோர், தனி அறை, பீத்தோவன் இசைத்தட்டுகள். பிடித்திருக்கிறது, செய்கிறான்.

நாவல் சூடுபிடிப்பதே நீங்கள் மூடிவைத்த இடத்துக்கு அப்புறம்தான். கொலைக்காகச் சிறைக்குப் போனவனை அரசாங்கம் ஒரு புதிய சிகிச்சைக்கு எடுத்துக்கொள்கிறது. ஊசி போட்டு, நாற்காலியில் கட்டி, இமை மூடாதபடி கிளிப் மாட்டி, வன்முறைப் படங்களாகக் காட்டுகிறார்கள். இரண்டே வாரத்தில், அடிக்க நினைத்தாலே குமட்டுகிறது. படத்தின் பின்னணியில் ஒலித்த பீத்தோவனும் அவனுக்கு விஷமாகிவிடுகிறது. பிறகு மேடையேற்றி அதிகாரிகளுக்குக் காட்டுகிறார்கள். ஒருவன் வம்புக்கு இழுத்து அவனை அடிக்கிறான். குமட்டலை அடக்க அலெக்ஸ் அவனுடைய ஷூவை நக்குகிறான்.

சிறைப் பாதிரியார் எதிர்ப்புத் தெரிவிக்கிறார்: தேர்ந்தெடுக்கவே முடியாதவன் எப்படி நல்லவன் ஆவான்? நுணுக்கமெல்லாம் எங்களுக்கு வேண்டாம், குற்றம் குறைந்தால் போதும் என்கிறார் டாக்டர். சிறை நெரிசலும் குறையும் என்று சேர்த்துக்கொள்கிறார் அமைச்சர். அரசியல் கைதிகளுக்குச் சிறையில் இடம் தேவைப்படலாம் என்று அவர் முன்பே சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சைத் தவறவிடாதீர்கள்.

அந்த நாற்காலியில் ஓர் அப்பாவி உட்கார்ந்திருந்தால் யோசிக்காமல் அரசாங்கத்தைத் திட்டியிருப்போம். அலெக்ஸ் என்றதும் ‘இவனுக்கு நல்லா வேணும்’ என்கிறோம். அப்படிச் சொன்ன நிமிடமே அமைச்சருக்கு ஓட்டுப் போட்டாகிவிட்டது. இதற்குத்தான் பர்ஜெஸுக்கு வில்லன் தேவைப்பட்டான். எதிர்த்தரப்பும் யோக்கியமில்லை, அரசை எதிர்க்கும் கும்பல் அவனைத் தற்கொலைக்குத் தள்ளி, அதைப் பிரசாரமாக்கப் பார்க்கிறது.

1962-இல் பிரிட்டனில் வந்த மூலத்தில் 21 அத்தியாயங்கள். அமெரிக்கப் பதிப்பு கடைசி அத்தியாயத்தை வெட்டிவிட்டது; நாவலை வைத்து இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த 1971 படமும் அந்த வெட்டிய பதிப்பின் முடிவோடுதான் நிற்கிறது. வெட்டுப்பட்ட பகுதியில் 18 வயது அலெக்ஸுக்கு வன்முறை அலுத்துப்போய், மனைவி, மகன் என்று நினைப்பு ஓடுகிறது. அவசரமாக எழுதப்பட்ட பகுதியாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனாலும் அது வேண்டும். ஊசியில்லாமல், கட்டாயமில்லாமல் ஒருவன் மாறத் தொடங்குவதை அங்கேதான் பார்க்கிறோம். அமெரிக்காவில் 1986-இல்தான் அது திரும்ப அச்சேறியது.

உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு. அவனால் சீரழிந்த பெண்களுக்கு நாவலில் குரலே இல்லை. அதைச் சொல்லிச் சண்டைக்கு வந்தால் நான் உங்கள் பக்கம். ஆனால் முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள், 21 அத்தியாயமும் உள்ள பதிப்பாகப் பார்த்து.