இடப்பக்கம் இழுக்கும் விமானம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிமுலேட்டர்களில் விமானம் ஓட்டுவதைப் பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதிய குறிப்பை வாசித்த பிறகு நானும் டிசிஎஸ் வேர்ல்ட் என்ற சிமுலேட்டரைக் கணினியில் நிறுவி, தள்ளுபடியில் கிடைத்த மெசர்ஷ்மிட் பிஎஃப் 109 கே-4 என்ற இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் போர்விமானத்தை வாங்கினேன். இரண்டு வாரங்களாக இரவில் முயன்றுவருகிறேன். நாற்பது தடவைக்குமேல் ஓடுபாதையில் ஓட்டியாயிற்று. ஐந்தாறு முறைதான் தரையைவிட்டு எழுந்திருக்கிறேன். மற்ற முறைகளில் எல்லாம் விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், இறக்கை நுனி தரையில் உரசிக் கவிழ்ந்துவிடுகிறது. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் ஓட்டிய விமானம் உண்மையிலேயே இப்படித்தான் இருந்திருக்குமா, அல்லது மென்பொருள் எழுதியவர்கள் மிகைப்படுத்துகிறார்களா? எழுந்த பிறகும் ஒரு சிக்கல். வேகமாகக் கீழ்நோக்கிப் பாயும்போது ஜாய்ஸ்டிக்கை முழுக்க இழுத்தாலும் மூக்கு மேலே வருவதில்லை. இது நிரலின் பிழையா?

கடைசியாக ஒன்று. நாஜிகளின் விமானத்தை இப்படி ரசிப்பது சரியல்ல என்கிறான் நண்பன். வாலில் ஸ்வஸ்திகாகூட இல்லையே என்றேன். அவன் ஏற்கவில்லை. உங்கள் கருத்து என்ன? பேசாமல் அதே காலத்து ஃபோக்க-வுல்ஃப் 190 போர்விமானத்தை வாங்கிவிடலாமா?

எஸ்.,
ஓசூர்

அன்புள்ள எஸ்.,

மிகைப்படுத்தவில்லை. நானும் முதல் மாதம் முழுவதும் ஓடுபாதையின் இடப்பக்கப் புல்வெளியில்தான் கிடந்தேன். அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்ட பிறகுதான் விமானம் எழும்பத் தொடங்கியது; ஆகவே அதையே முதலில் சொல்கிறேன்.

கே-4 இன் டைம்லர்-பென்ஸ் 605 எஞ்சின் ஏறத்தாழ 1,850 குதிரைத்திறன் தருவது. அது சுழற்றும் மூன்று மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர், விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அந்தச் சுழற்சியின் எதிர்விசை உடலை இடப்பக்கம் சாய்த்து இடச் சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறது. புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் காற்று உடலைச் சுற்றித் திருகிக்கொண்டு வந்து வால் செங்குத்துத் தகட்டின் இடப்புறத்தில் மோதி, வாலை வலப்பக்கமும் மூக்கை இடப்பக்கமும் தள்ளுகிறது. வாலை அவசரமாகத் தூக்கினால் புரொப்பெல்லரின் பம்பர விளைவும் சேர்ந்துகொண்டு மூக்கை மேலும் இடப்பக்கமே திருப்புகிறது. இத்தனைக்கும் மேலாக, வாலில் சிறு சக்கரம் கொண்ட எல்லா விமானங்களையும் போல இதற்கும் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. பளுவைப் பின்னால் ஏற்றிய வண்டி ஒருமுறை திரும்பத் தொடங்கினால் அந்தத் திருப்பத்தைத் தானே வளர்த்துக்கொள்ளும். விலகல் கண்ணுக்குத் தெரிந்த பிறகு, மூக்கை இடம்வலமாகத் திருப்பும் வால் தகடான ரட்டரை மிதித்தால் அநேகமாகக் காலம் கடந்திருக்கும்.

இந்த விமானத்தின் முன்சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று யூடியூபில் பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. பிரிட்டிஷாரின் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் சக்கர இடைவெளி இதைவிடவும் குறைவு. ஆனாலும் அது இந்த அளவுக்கு முரண்டு பிடிப்பதில்லை. வேறுபாடு கால்கள் பொருத்தப்பட்ட கோணத்தில் இருக்கிறது. வில்லி மெசர்ஷ்மிட் சக்கரக் கால்களை இறக்கையில் பொருத்தாமல் உடலின் அடியில் பொருத்தினார். இறக்கைகளைக் கழற்றினாலும் விமானம் தன் காலிலேயே நிற்கும், அப்படியே ரயிலில் ஏற்றலாம், பழுதுபார்க்கும் இடத்தில் இறக்கையை எளிதில் மாற்றலாம், தரைமோதலின் சுமையைத் தாங்க வேண்டியதில்லை என்பதால் இறக்கையையும் மெலிதாகச் செய்யலாம். இத்தனை நன்மைகளுக்கும் ஈடாக, கால்கள் உடலின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக விரிந்து, சக்கரங்கள் தரையைச் சாய்வாகத் தொட வேண்டியதாயிற்று. பாரம் ஒரு பக்கம் சரிந்தால் அந்தச் சாய்ந்த சக்கரம் தானே ஒரு ஸ்டியரிங் போல விமானத்தைத் திருப்பத் தொடங்கிவிடும்.

முன்மாதிரி விமானம் 1935 மே மாதத்தில் முதன்முதலாகப் பறந்தபோது இது பெரிய சிக்கலாகத் தெரிந்திருக்காது. அப்போது அதில் இருந்தது 700 குதிரைத்திறனைத் தொடாத ரோல்ஸ்-ராய்ஸ் கெஸ்ட்ரல் எஞ்சின். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1944 இன் பிற்பகுதியில் படைக்கு வந்த உங்கள் கே-4, அதே அடிப்படை அமைப்பின் மீது இரண்டரை மடங்குக்கும் மேலான ஆற்றலையும் ஏறத்தாழ மூன்றரை டன் எடையையும் ஏற்றி நிற்கிறது. சிறிய உடல், பெரிய எஞ்சின் என்ற தொடக்க முடிவிலிருந்து கடைசிவரை யாரும் விலகவில்லை. நீங்கள் ஓடுபாதையில் படும் பாடு அந்த முடிவின் விலை. என் பார்வையில் இந்தச் சிமுலேட்டர் செய்திருக்கும் மிக நேர்மையான காரியம், அந்த விலையைத் தள்ளுபடி செய்யாமல் விட்டிருப்பதுதான்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். வால் சக்கரத்தைப் பூட்டும் நெம்புகோல் விமானி அறையில் இருக்கிறது. ஓடுபாதையின் நடுக்கோட்டில் நேராக நின்ற பிறகு அதைப் பூட்டுங்கள். ஸ்டிக்கை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து வாலைத் தரையில் அழுத்திக்கொள்ளுங்கள். த்ராட்டிலை ஒரேயடியாகத் தள்ளாமல், பத்து விநாடிகள்வரை எடுத்துக்கொண்டு எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை 1.3 அட்டாவுக்குக் கொண்டுபோங்கள், எஞ்சினின் ஆற்றலைக் கூட்டும் எம்.டபிள்யூ. 50 என்ற மெத்தனால்-நீர்க் கலவைக்குத் தரையில் வேலையில்லை. வலது ரட்டரை இழுப்பு தொடங்கும் முன்பே கொஞ்சம் மிதித்திருக்க வேண்டும். வாலைத் தூக்க முயலாதீர்கள், அது தானே எழும். உங்களுடையது முறுக்கும் ஜாய்ஸ்டிக்காக இருந்தால், அதன் மிகச் சிறிய அசைவு நிஜப் பெடலின் நீண்ட நகர்வுக்குச் சமமாகிவிடும் என்பதால், அச்சின் வளைவை அமைப்புப் பகுதியில் மென்மையாக்குங்கள். புறப்பாட்டு உதவி என்று ஓர் அமைப்பும் அங்கே இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது கௌரவக் குறைவு என்று சொல்லும் வீரர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

பத்தொன்பது வயதுப் பையன்கள் ஓட்டினார்களா என்று கேட்டீர்கள். ஓட்டினார்கள், ஆனால் உங்களைப் போலக் கே-4 இல் தொடங்கவில்லை. இரட்டை இறக்கைப் பயிற்சி விமானங்களில் ஆரம்பித்து, ஆராடோ 96 போன்றவற்றைக் கடந்துதான் 109க்கு வந்தார்கள். 109இன் பழைய ஜி மாதிரிகளை இரண்டு இருக்கைகள் கொண்டவையாக மாற்றி, ஜி-12 என்ற பெயரில் ஆசிரியரோடு பறக்கும் விமானத்தையே ஜெர்மானியர்கள் உருவாக்க வேண்டியிருந்தது என்பதே இதன் புறப்பாடும் இறக்கமும் எவ்வளவு உயிர்களைக் கொண்டுபோயின என்பதற்குச் சான்று. 1944 இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் பயிற்சி மணிகள் போரின் முற்பகுதியில் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்துவிட்டன. மிகக் கனத்த, மிக ஆற்றல்மிக்க மாதிரி, மிகக் குறைந்த பயிற்சி பெற்றவர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. நீங்களும் எளிதான ஒன்றில் தொடங்க நினைத்தால், ஐஎல்-2 ஸ்டர்மோவிக் என்ற வேறொரு சிமுலேட்டரின் ஸ்டாலின்கிராட் தொகுப்பில் எஃப்-4 மாதிரி கிடைக்கிறது. எடை குறைந்தது, வடிவில் சுத்தமானது. 109 வரிசையிலேயே சமநிலை அதிகமுள்ளது அதுதான் என்பது என் எண்ணமும்.

தரையில் இவ்வளவு படுத்தும் விமானம் காற்றில் எவ்வளவு பணிவானது என்பதையும் சொல்லாவிட்டால் அநியாயமாகிவிடும். அக்கால அமெரிக்க விமானங்கள் பலவற்றில் கலவை, சுழல்வேகம், குளிர்விப்பு என்று விமானியின் கவனத்தைத் தின்னும் வேலைகள் பல உண்டு. கே-4 இல் புரொப்பெல்லரின் கோணம் தானியங்கி. ரேடியேட்டர் மடிப்புகள் வெப்பநிலை பார்த்துத் தாமே திறந்து மூடும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜர், காற்றழுத்தத்தை அளந்து, எண்ணெய் வழியே இணைக்கப்பட்ட பிணைப்பின் உதவியால் உயரத்துக்கேற்பப் படிப்படியாக அன்றி ஒரே சீராகத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். நீங்கள் தொட வேண்டியது ஒரே ஒரு த்ராட்டில். ஏழாயிரம் மீட்டருக்குமேல் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டும் எந்திரம் இவ்வளவு எளிதாக ஓடுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

கீழ்நோக்கிப் பாயும்போது ஸ்டிக் இறுகிப்போவது நிரலின் பிழையல்ல. 1940 இல் பிரிட்டிஷார் தம் கையில் சிக்கிய 109இன் ஓர் இ மாதிரியைத் தங்கள் விமானச் சோதனை மையமான ஃபார்ன்பரோவில் சோதித்தார்கள். மணிக்கு 400 மைல், அதாவது சுமார் 640 கிலோமீட்டர் வேகத்தில், விமானி தன் முழு பலத்தையும் காட்டியும் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடான ஏய்லெரானை அதன் முழு வீச்சில் ஐந்தில் ஒரு பங்குதான் அசைக்க முடிந்தது. 45 பாகை சாய்வதற்கு நான்கு விநாடிகள் பிடித்தன. விமானி அறை தோளை இடிக்கும் அளவுக்குக் குறுகலாக இருந்ததால் கையைப் பக்கவாட்டில் ஊன்றித் தள்ளவும் வழியில்லை. அந்த வேகத்தில் ஸ்பிட்ஃபயரும் கிட்டத்தட்ட அதே போல இறுகியது என்று அதே அறிக்கை சொல்கிறது. ஸ்பிட்ஃபயர் ரசிகர்கள் அந்த வரியை மட்டும் மேற்கோள் காட்ட மறந்துவிடுவார்கள்.

சிமுலேட்டரின் உண்மையான சங்கடம் இங்கேதான் இருக்கிறது. உங்கள் மேசையில் உள்ள ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங் மணிக்கு 200 கிலோமீட்டரிலும் 700 கிலோமீட்டரிலும் ஒரே எதிர்ப்பைத்தான் தரும். விமானியின் தசை வலிமையை அதனால் உணர்த்த முடியாது. எனவே, மனிதக் கை இவ்வளவு கிலோ விசையைத்தான் தரும் என்று ஓர் எல்லை வகுத்து, அதற்குமேல் நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் திரையில் உள்ள ஸ்டிக் நகராதபடி நிரல் தடுக்கிறது. நிஜ விமானி கையில் உணர்ந்த கனத்தை நீங்கள் கீழ்ப்படியாமையாக உணர்கிறீர்கள். பிழை என்று தோன்றுவது இந்த மொழிமாற்றத்தால்தான். மீள்வதற்கு, இருக்கையின் இடப்பக்கம் உள்ள சக்கரத்தைச் சுழற்றி வால் கிடைத்தகட்டையே கோணம் மாற்றுங்கள்; இந்த விமானத்தில் டிரிம் என்பது முழுத் தகட்டையும் நகர்த்துவது, ஆகவே வலிமையானது. கொஞ்சங்கொஞ்சமாகச் சுழற்ற வேண்டும், அதிகமானால் கண் இருண்டுவிடும். இவற்றைவிடச் சிறந்தது, த்ராட்டிலை முன்கூட்டியே குறைத்து அந்த வேகத்துக்குப் போகாமலிருப்பது.

உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். வாலில் ஸ்வஸ்திகா இல்லாதது யாருடைய மனசாட்சியையும் காட்டுவதல்ல. நாஜிச் சின்னங்களைக் காட்டுவதை ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் 86அ பிரிவில் தடைசெய்கிறது. விளையாட்டுகளுக்கு, சூழலைப் பொறுத்து, 2018 இல்தான் அங்கே விலக்கு வழங்கத் தொடங்கினார்கள். உலகம் முழுவதும் விற்க வேண்டிய நிறுவனங்கள் வம்பு எதற்கு என்று சின்னத்தை விட்டுவிடுகின்றன. அந்த இடம் வெறுமையாக இருப்பதால் விமானம் தான் இருந்ததைவிடத் தூய்மையாகத் தெரிகிறது என்றுகூட வாதிடலாம். அந்த அளவில் நண்பரின் பக்கம்தான் நான்.

ஆனால் என்னை உறுத்துவது வால் அல்ல, தொழிற்சாலை. 1943 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ரேகன்ஸ்பர்க்கில் இருந்த மெசர்ஷ்மிட் ஆலையைத் தாக்கின. அதன் பிறகு உற்பத்தியைச் சிதறடித்து, ஃப்ளோசன்பர்க், குசன் வதைமுகாம்களில் பாகங்கள் செய்வதைப் பெருமளவில் விரிவாக்கினார்கள். கருங்கல் உடைப்பதற்காக நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பு நிறுவிய முகாம் ஃப்ளோசன்பர்க். எஸ்.எஸ்.ஸுக்குச் சொந்தமான கல்குவாரி நிறுவனம் கைதிகளையும் கொட்டகைகளையும் கொடுத்தது, மெசர்ஷ்மிட் எந்திரங்களையும் பொறியாளர்களையும் கொடுத்தது. ஆயிரக்கணக்கான கைதிகள் அங்கே 109க்கான பாகங்களைச் செய்தார்கள். கே-4 அந்தக் காலத்தின், அந்த ரேகன்ஸ்பர்க் வலைப்பின்னலின் படைப்பு. போருக்குப் பிறகு வில்லி மெசர்ஷ்மிட்டை விசாரித்த நாஜி நீக்க நீதிமன்றம் அவரை உடன்போனவர் என்ற வகையில் சேர்த்தது. அவர் மறுபடியும் விமானம் வடிவமைக்கப் போய்விட்டார்.

சிமுலேட்டர் ஒவ்வொரு ஆணியையும் காட்டுகிறது, அதை அடித்த கை எதுவென்று காட்டுவதில்லை. அதற்கு அது கடமைப்பட்டதுமல்ல. விமானி அறைக்குள் அமர்ந்த ஒருவன் என்ன பார்த்தான் என்பதே அதன் எல்லை. இதை அறிந்த பிறகும் நான் கே-4 ஓட்டுகிறேன். அதன் சூப்பர்சார்ஜரைப் பார்த்து வியக்கிறேன், ஃப்ளோசன்பர்க்கும் நினைவில் இருக்கிறது. இரண்டையும் நேர்செய்துகொள்ளும் வழி எதுவும் என்னிடம் இல்லை, தேடவும் இல்லை. ஓட்டுவதை நிறுத்துங்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அதில் எதிராளியைச் சுட்டு வீழ்த்திய எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்பவர்களோடு பேசுவது மட்டும் எனக்குச் சலிப்பாக இருக்கிறது.

ஃபோக்க-வுல்ஃப் 190: தாராளமாக வாங்கலாம். அதன் சக்கரங்கள் இறக்கையில் அகலமாக ஊன்றியவை. புறப்பாடு உங்களுக்கு விடுமுறை போல இருக்கும். அதை வடிவமைத்த குர்ட் டாங்க், 109ஐயும் ஸ்பிட்ஃபயரையும் பந்தயக் குதிரைகளாகவும், தன்னுடையதைச் சேற்றிலும் ஓடும் படைக் குதிரையாகவும் கருதியவர். அவர்தான் 1956 இல் பெங்களூரு வந்து இந்துஸ்தான் ஏர்கிராஃப்டில் மாருத் போர்விமானத்தை வடிவமைத்தார். ஒரு மாருத் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தின் வெளியே நிற்கிறது. ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தானே, போய்ப் பாருங்கள்.

ஆனால் அதற்கு முன்பு 109ஐ ஒருமுறையாவது முழுதாகத் தரையிறக்கிவிடுங்கள். புறப்பாட்டில் இழுப்பைத் தந்த எஞ்சின் அப்போது அடங்கியிருக்கும். சாய்ந்த சக்கரங்கள் அடங்கியிருக்காது. மூன்று சக்கரங்களும் ஒன்றாகத் தொடும்படி இறக்கி, ஸ்டிக்கை வயிற்றோடு பிடித்து, பிரேக்கைத் தட்டித் தட்டி மிதியுங்கள். வால் சக்கரப் பூட்டை, விமானம் நடை வேகத்துக்கு வரும்வரை எடுக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்